ஐந்தாவது பெட்டி

ஸ்பிரிதோன் மொகானு உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டு வாசலை எந்த எலக்ட்ரீஷியனும் மிதிக்க முடியாது. சொன்னது ஸ்பிரிதோன் மொகானுதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், உருக்காலைக்காரர்களுக்கு வீடு ஒதுக்கியபோது, நாலாவது மாடிச் சாவியைக் கையில் வாங்கியதும் சொன்னார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவந்தார். இத்தனை காலத்தில் ஒரு எலக்ட்ரீஷியன்கூட வந்து உள்ளே விடு என்று சண்டை போடவில்லை. அதையும் அவர் தன் வெற்றிகளில் சேர்த்துக்கொண்டார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு, வெளியே இருட்டு விழுந்த நேரத்தில், வீட்டின் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. விளக்கு மட்டும் இல்லை.

"ஏ பொம்பளே! விளக்கை ஏன் அணைச்ச?"

வாசலை ஒட்டிய சின்ன ரூமிலிருந்து ஒலிம்பியா துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"ஏழு விளக்கு, ஏழு இடத்துல. எனக்கு என்ன ஏழு கையா இருக்கு, மனுஷா?"

ஸ்பிரிதோன் எழுந்தார். முகத்தில் ஒரு பிரகாசம். வீடே இருட்டாக இருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. வாசலுக்கு மேலே இருந்த பீங்கான் பியூஸ்களில் விளக்குக்கான பியூஸைக் கழற்றி, டிவி வெளிச்சத்தில் பார்த்தார். கம்பி அறுந்திருக்கவில்லை. அறுந்துபோகவும் முடியாது. முடி அளவு கம்பி இருக்கவேண்டிய இடத்தில், வேலி கட்டும் தடிமனில் ஒரு கம்பியை அவரே சுற்றி வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லா ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் சுற்றி வைத்திருந்தார்கள். வீடு எரிந்து சாம்பலானாலும் பியூஸ் மட்டும் போகாது.

"பியூஸ் நல்லாத்தான் இருக்கு," என்றார் பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் ஒலிம்பியா. அவள் டேபிள் லாம்பைக் கொண்டுவந்து சமையலறை பிளக்கில் செருகி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். ஜாடிகளை வரிசையாக வைத்து, பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, என்ன ஊறுகாய், எந்த மாசம், எந்த வருஷம் என்று எழுதுவது. பால்கனி அலமாரி நிறைய அப்படிப்பட்ட ஜாடிகள். ஸ்பிரிதோன் அந்தப் பக்கம் போவதில்லை. ஊறுகாய் தட்டுக்கு வந்தபிறகுதான் அவருக்கும் அதற்கும் சம்பந்தம்.

கதவைத் தட்டிக்கொண்டு கீழ்வீட்டுப் பனாயித் வந்தான். காலில் வீட்டுச் செருப்பு, கையில் டார்ச்.

"அண்ணே, தெருவிலேருந்து பார்த்தேன். உங்க ஜன்னல் மட்டும் இருட்டா இருக்கு. அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அக்காவுக்கு என்ன? லைனுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

"அடுத்த பிளாக்குல ஒரு ஆளு இருக்காரு. போன் பண்ணா அரை மணியில..."

"பனாயித்," என்றார் ஸ்பிரிதோன். குரல் மெதுவாக இருந்தது. அதுவே ஆபத்து. "நான் உயிரோட இருக்கேனா இல்லையா?"

"இருக்கீங்க அண்ணே."

"அப்ப அந்த ஆளு அவன் வீட்டுலயே இருக்கட்டும்."

ஒலிம்பியா ஒரு ஜாடியைத் தள்ளி வைத்தாள். "பன்னெண்டாம் தேதி உன் பெயர்நாள். சாயங்காலம் ஆளுங்க வருவாங்க. டேபிள் லாம்பு வெளிச்சத்துலயா உக்கார வைக்கப் போற?"

அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்தான் பெயர்நாள். அதற்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாங்களாகவே வருவார்கள். வராதவர்களை அடுத்த வருஷம் வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் முன்னால் ஸ்பிரிதோன் பிளம் சாராயத்தை ஊற்றிவிட்டு, இந்த வீட்டு வயரிங்கைத் தான் எப்படியெல்லாம் காப்பாற்றி வந்தேன் என்று சொல்வார். அது இருட்டில் சொல்லக்கூடிய கதை இல்லை.

"பன்னெண்டு வரைக்கும் எதுக்கு? நாளைக்கே எரிய வைக்கறேன்."

"பந்தயமா?"

"பந்தயம்!"

"சரி. பன்னெண்டாம் தேதி ஆளுங்க வர்றதுக்குள்ள உன் கையால விளக்கு எரிஞ்சா, சின்ன ரூம் உனக்கு. சாகிற வரைக்கும். அதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எரியலைன்னா?"

"எலக்ட்ரீஷியன் வருவான். சின்ன ரூம் எனக்கு."

ஸ்பிரிதோன் அந்த ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். சின்ன ரூம் சாதாரண விஷயம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் கொரினா வேலைக்காக இத்தாலிக்கு, தூரின் நகரத்துக்குப் போனாள். மறுவாரமே அவர் அந்த ரூமைத் தன் சொத்துக்களால் நிரப்பிவிட்டார். வயர் இல்லாத இஸ்திரிப் பெட்டிகள் பதினொன்று. மோட்டார் போன வாஷிங் மெஷின், மெஷின் போன மோட்டார். உருக்காலையிலிருந்து கோட்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்த அலுமினியக் கம்பிச் சுருள்கள். என்றாவது உதவும் என்று வைத்திருந்த காலிங் பெல்கள். கடைசியாக எப்போது உள்ளே போனார் என்று அவருக்கே நினைவில்லை. இப்போதெல்லாம் வாசலில் நின்று உள்ளே எறிவதோடு சரி. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சந்து இருந்தது. ஒலிம்பியா மட்டும் பக்கவாட்டில் நடந்து போய்க் கூட்டிவிட்டு வருவாள். ஒன்பது வருஷமாக ரூமைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்," என்றார். "பனாயித் சாட்சி."

பனாயித் இருமினான். "சாட்சின்னா நான் ஒண்ணும் கையெழுத்துப் போட வேண்டாம் இல்ல, அண்ணே?"

பத்தாம் தேதி காலையில் ஸ்பிரிதோன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஹாலில் ஸ்டூல் மேல் ஏறினார். பல்பைக் கழற்றினார். ஒரு முனையில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. இன்னொரு முனையில் வைத்தார். அதுவும் எரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி ஏறினார். மறுபடியும் இரண்டும் எரிந்தன.

"ரெண்டுலயும் வருது."

"எது?" என்றாள் ஒலிம்பியா, பீன்ஸ் பொறுக்கிக்கொண்டு.

"கரண்ட். ஒரு கம்பியிலதான் வரணும். ரெண்டுலயும் வருது."

"அப்ப டபுளா எரியணுமே."

"உனக்குப் புரியாது. கரண்ட் ஜாஸ்தியாகி பல்பைத் திணற அடிக்குது."

"பாவம் பல்பு."

"சிரிக்காதே. நீ பட்டறையில உக்காந்து கம்பி சுத்தினவ. சுத்தறது வேற. இது ஓடற கரண்ட்."

ஒலிம்பியா சிரிக்கவில்லை. ஸ்பிரிதோன் கிரேன் ஓட்டிய அதே உருக்காலையில், மோட்டார் சுற்றும் பட்டறையில், அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருந்தாள். அவர் இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் பட்டறையின் கூரைதான் தெரியும்.

அன்றைக்கு முழுவதும் அவர் பல்பு மாற்றினார். ஹோல்டர் மாற்றினார். சுவிட்சைக் கழற்றி ஊதினார். பாத்ரூம் விளக்கைத் திட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டில் சூப்பை ஊற்றியபடி ஒலிம்பியா கேட்டாள்: "வர்றதுக்கு வழி இருக்கு. திரும்பிப் போறதுக்கு வழி இருக்கா?"

"யாருக்கு?"

"பொதுவா கேட்டேன்."

அரை மணி கழித்து ஸ்பிரிதோன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நியூட்ரல்! கண்டுபிடிச்சிட்டேன்! நியூட்ரல் எங்கயோ அறுந்திருக்கு. கரண்ட் பல்பு வழியா வந்து, திரும்பிப் போக வழியில்லாம அங்கேயே நிக்குது. அதான் ரெண்டு பக்கமும் காட்டுது!"

"அப்படியா," என்றாள் ஒலிம்பியா. "என்ன மூளை."

அதை அவர் அப்படியே வாங்கிக்கொண்டார்.

அறுந்த இடம் ஏதாவது ஜங்ஷன் பாக்ஸில்தான் இருக்கவேண்டும். வீட்டில் ஐந்து பெட்டிகள். ஆனால் ஐந்தும் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வட்ட வட்டமாக மூடிகள் தெரிந்தால் வீடு பட்டறை மாதிரி இருக்கிறது என்று, குடிவந்த வருஷமே அவர் எல்லாவற்றின் மேலும் பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டிவிட்டார். அதையும் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் செய்திருந்தார்கள்.

பதினொன்றாம் தேதி அவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். நடையில், கூரைக்கு ஒரு சாண் கீழே, சத்தம் மாறியது.

"பியூஸைக் கழட்டினியா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இதெல்லாம் நீ எனக்குச் சொல்லணுமா?"

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் வாசல் பக்கம் பார்த்தார். கழற்றவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் பியூஸ் அங்கே இல்லை.

ஒலிம்பியா வந்து, ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து பியூஸை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு போனாள்.

அவர் சுவர்த்தாளைக் கிழிக்க நகத்தை வைத்தார். கிழிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு சதுரம் தனியாகப் பெயர்ந்து வந்தது. யாரோ பிளேடால் நேராக வெட்டி, பூவுக்குப் பூ, இலைக்கு இலை பொருத்தி மறுபடி ஒட்டியிருந்தார்கள். மூடியைத் திறந்தார்.

உள்ளே தன்னுடைய முறுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தார். பழைய அலுமினியக் கம்பியையும் புதுச் செம்புக் கம்பியையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றுவது அவருடைய முறை. அது இல்லை. கம்பிகள் ஒவ்வொன்றும் கனெக்டருக்குள் போய், திருகாணி இறுக்கி, ஒன்றை ஒன்று தொடாமல், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"நடை. அக்டோபர், 1998."

ஸ்பிரிதோன் ஸ்டூல் மேலேயே உட்கார்ந்தார். தொண்ணூற்றெட்டு அக்டோபரில் அவர் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு முந்தின வாரம் நடை விளக்கு மினுக்கியதை அவரே சரி செய்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அது மினுக்கவில்லை. "பார்த்தியா, என் கை பட்டது" என்று சொன்னதும் நினைவிருந்தது.

அடுத்தது சமையலறை. "மே, 2004." உருக்காலைக்காரர்களோடு டெல்டாவுக்கு மீன் பிடிக்கப் போன வாரம். ஹாலில், "மார்ச், 2009." அண்ணனை அடக்கம் செய்ய தெகுச்சு ஊருக்குப் போனது. படுக்கை அறையில், "ஆகஸ்ட், 2016." கொரினாவைப் பார்க்கத் தூரினுக்குப் போனது. தக்காளி வீணாகிவிடும் என்று ஒலிம்பியா அப்போது வர மறுத்துவிட்டாள்.

நாலு பெட்டியிலும் ஒரே மாதிரி வேலை. ஒரே எழுத்து. ஒரே ஆள்.

எவனோ ஒருத்தன் இருபது வருஷமாக, அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். சுத்தமான கைக்காரன். அவசரப்படாதவன். சுவர்த்தாளைக்கூடப் பூ பார்த்து ஒட்டியிருக்கிறான். அவனுக்கு மீசை இருக்கும் என்று ஸ்பிரிதோனுக்குத் தோன்றியது. எதனால் தோன்றியது என்று தெரியவில்லை.

அவர் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நான் இல்லாதப்போ இந்த வீட்டுக்கு யாராவது வருவாங்களா?"

"யாரு?"

"யாராவது. ஆம்பளைங்க."

ஒலிம்பியா முட்டைக்கோஸ் இலையில் அரிசியையும் காளானையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்பு மாசம் என்பதால் கறி இல்லை. ஒரு இலையைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"என்னோட அறுபத்தோரு வயசுல இதை நீ கேட்டதுக்கு நன்றி."

"பதில் சொல்லு."

"உன் கதையைக் கேட்கிறதுக்கு வர்றவங்க வருவாங்க. வேற யாரும் வந்ததில்ல."

அவர் கீழே இறங்கிப் பனாயித்தைப் பிடித்தார். பனாயித் பதினைந்து வருஷமாக வேலைக்குப் போகாமல் ஜன்னலிலேயே இருப்பவன். அவனுக்குத் தெரியாமல் அந்த வாசலில் பூனை நுழைய முடியாது.

"எலக்ட்ரீஷியனா? இந்த வாசல்லயா? வந்திருந்தா நான் விட்டிருப்பேனா அண்ணே? எங்க பாத்ரூம் லைட்டு எட்டு வருஷமா எரியல. உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"யோசிச்சுச் சொல்லு. மீசை வச்ச ஆளு."

"மீசையை நீங்க பார்த்தீங்களா?"

ஸ்பிரிதோன் மாடி ஏறினார். ஒவ்வொரு படியிலும் விஷயம் மோசமாகிக்கொண்டே வந்தது. இதை வெளியே சொல்லவும் முடியாது. திருட்டுத்தனமாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாயா என்று அவளைக் கேட்டால், எதற்குக் கூப்பிட்டாள் என்ற கேள்வி வரும். அவர் சரி செய்தது எதுவும் சரியாகவில்லை என்பது வரும். வருஷா வருஷம் பெயர்நாளில் அவர் சொன்ன கதைகளெல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். ஹால் சுவரில் ஒரே ஒரு தட்டு தட்டி 2009இல் விளக்கை எரியவைத்த கதைதான் அவற்றில் பிரபலமானது. அதைக் கேட்கவே சிலர் வருவார்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒலிம்பியா காய்ச்சலா என்று கேட்டாள்.

நாலு பெட்டியிலும் குற்றம் இல்லை. மிச்சம் ஒன்றுதான். அது சின்ன ரூமில் இருந்தது. வாசல் பியூஸிலிருந்து வருகிற லைன் முதலில் அங்கேதான் போகிறது என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முதலில் பார்த்திருக்கவேண்டிய பெட்டி. அதற்கு முன்னால் ஒன்பது வருஷச் சொத்து நின்றது.

பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு ஸ்பிரிதோன் சின்ன ரூம் வாசலில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். சந்து அவரை ஏற்கவில்லை. முதல் இஸ்திரிப் பெட்டியை எடுத்து நடையில் வைத்தார்.

"நடையில வைக்காதே, ஆளுங்க எப்படி வருவாங்க?" என்றாள் ஒலிம்பியா.

"படிக்கட்டுல வைக்கறேன்."

"படிக்கட்டுல வச்சா பில்டிங் அட்மினிஸ்ட்ரேட்டர் அம்மா வந்து உன் பெயர்நாளைக் கொண்டாடுவா. கீழ வாசல்ல வை. சாயங்காலம் விளக்கு எரிஞ்சதும் மேல கொண்டு வந்துக்கோ. ரூம் உனக்குத்தானே."

நியாயமாகப் பட்டது. பனாயித்தையும் கூட்டிக்கொண்டார். லிஃப்ட் கிடையாது. இரண்டு பேரும் நாலு மாடி இறங்கினார்கள், ஏறினார்கள். பதினொன்று இஸ்திரிப் பெட்டி. வாஷிங் மெஷின். மோட்டார். கம்பிச் சுருள்கள். ஒரு டப்பாவில் காலிங் பெல்கள், ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு வந்தன.

"அண்ணே, இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"உதவும்."

"எதுக்கு?"

"அது அந்த நேரத்துல தெரியும்."

மதியம் இரண்டு மணிக்கு ரூம் காலியானது. ஸ்பிரிதோன் நடுவில் நின்றார். ரூம் பெரிதாக இருந்தது. சுவரில் கொரினா சின்ன வயதில் உயரம் பார்த்துப் போட்ட பென்சில் கோடுகள் இருந்தன. ஒலிம்பியா ஈரத்துணியோடு வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். கீழே தெருவில் குதிரை வண்டிக்காரன், "பழைய இரும்பு வாங்குறோம்! பழைய இரும்பு!" என்று மைக்கில் கத்திக்கொண்டு போனான். வியாழக்கிழமை தோறும் வருகிறவன். ஸ்பிரிதோன் காதில் அது விழுந்தது. மனதில் விழவில்லை. அவர் ஸ்டூல் மேல் இருந்தார்.

இங்கேயும் சுவர்த்தாள் சதுரமாகப் பெயர்ந்தது. மூடிக்குள் இருந்த துண்டு மஞ்சள் பூத்திருந்தது.

"கொரினா ரூம். ஜனவரி, 1993."

அந்தக் குளிர்காலத்தில் கொரினாவுக்கு நாலு வயது. சுவரில் கருகல் வாசனை அடிக்கிறது என்று சொன்னாள். அவர் சுவர்த்தாளை ஓரமாகப் பெயர்த்துப் பெட்டியைத் திறந்து, முறுக்கை இன்னும் இரண்டு சுற்று முறுக்கி, மூடிவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் போனார். அதன் பிறகு வாசனை வரவில்லை. அவருக்கு அதில் ஆச்சரியம் ஏற்படவில்லை.

நியூட்ரல் கம்பி அறுந்திருக்கவில்லை. கனெக்டரிலிருந்து வெளியே எடுத்து, ஓரமாக வளைத்து, முனைக்கு டேப் சுற்றி வைத்திருந்தது. தானாகக் கழன்ற கம்பி டேப் சுற்றிக்கொள்ளாது. இதை அவர் நினைத்தாரா என்றால், நினைத்தார். மணி மூன்றேகால் ஆகியிருந்தது. ஆட்கள் வருகிற நேரம். டேப்பைப் பிரித்தார், கம்பியைச் செருகினார், திருகாணியை இறுக்கினார். ஒலிம்பியா பாக்கெட்டிலிருந்து பியூஸை எடுத்து நீட்டினாள்.

ஏழு விளக்கும் எரிந்தன.

"எரிஞ்சிடுச்சு!" என்று கத்தினார். "என் கையால எரிஞ்சது! பனாயித், பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணே."

"ரூம் யாருக்கு?"

"உனக்குத்தான்," என்றாள் ஒலிம்பியா. "சாகிற வரைக்கும்."

இவ்வளவு சுலபமாக அவள் தோற்று அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. சட்டை மாற்றும்போது பெருந்தன்மையாக, அவளுடைய தையல் மெஷினுக்கு ஒரு மூலை கொடுக்கலாமா என்று யோசித்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சொத்தை மேலே ஏற்றலாம் என்று கீழே இறங்கிப் பார்த்தபோது வாசலில் ஒரு காலிங் பெல் கிடந்தது. வேறொன்றும் இல்லை. சேற்றில் வண்டிச் சக்கரத் தடம். அவர் பெல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் தெகுச்சுவிலிருந்து தம்பி முறைக்காரன் பாட்டிலோடு வந்துவிட்டான். அழ நேரமில்லை.

ஐந்தரை மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. பழைய கிரேன்காரர்கள் மூன்று பேர், தம்பி, பனாயித், அவன் மனைவி. வந்தவர்கள் எல்லாரும் விளக்கைப் பாராட்டினார்கள். விஷயம் ஏற்கெனவே தெருமுனை வரை போயிருந்தது.

"ஸ்பிரிதோன், அந்த 2009 கதையைச் சொல்லுய்யா," என்றார் ஒரு கிரேன்காரர். "சுவத்துல ஒரே தட்டு."

ஸ்பிரிதோன் கிளாஸைக் கீழே வைத்தார். "என்னன்னா..." என்று ஆரம்பித்தார். மார்ச், 2009 என்று கண்முன் வந்தது. நிறுத்தினார்.

"சொல்லு," என்றாள் ஒலிம்பியா. "நல்லா இருக்கும். அதுக்கு முன்னால இந்த மூடியைத் திற, எனக்கு வரல."

ஜாடி மூடி திறப்பது ஆண்பிள்ளைக்கு அந்த வீட்டில் மிச்சம் வைத்திருந்த வேலை. ஜாடியை இடுக்கிக்கொண்டு திருகினார். அன்றைக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், பெயர்நாள் என்பதால். தலைக்கு மேலே நூறு வாட் பல்பு எரிந்தது. ஜாடியில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது.

"குடைமிளகாய். செப்டம்பர், 2019."

சாய்ந்த பெரிய எழுத்து. வால் சுருண்ட ஒன்பது. மாசத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி.

மீசைக்காரன் செத்துப்போனான்.

"என்ன அண்ணே, இறுகிப் போச்சா?" என்றான் பனாயித்.

ஸ்பிரிதோன் ஜாடியோடு எழுந்து சமையலறைக்குள் போனார். ஒலிம்பியா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அது நீயா?"

"எது?"

"அஞ்சு பெட்டியும்."

"ஆமா."

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"பத்தொன்பது வருஷம் பட்டறையில நான் என்ன சுத்தினேன்னு நினைச்ச? ஸ்வெட்டரா? உன் கிரேன் மோட்டாரையே மூணு தடவை நான் சுத்தியிருக்கேன். ரெண்டு தடவை நீ அதைக் கருக்கின."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவுத்துப் போட்டு மறுபடி முறுக்குவ." அவள் அவர் கையிலிருந்து ஜாடியை வாங்கி, ஒரே திருகில் மூடியைத் திறந்தாள். "கொரினா கட்டிலுக்கு மேல சுவரு பழுப்பா இருந்தது. தொட்டா சூடு. நீ ஷிஃப்டுக்குப் போயிட்ட. நான் குழந்தையைத் தூக்கிட்டுப் போய் ஹால்ல படுக்க வச்சிட்டு, ஸ்டூல் மேல ஏறினேன். அன்னைக்கு எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. காலையில நீ வந்ததும், பார்த்தியா என் கை பட்டதுன்னு சொன்ன."

ஹாலிலிருந்து கிளாஸ் சத்தம் கேட்டது. யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இப்ப கழட்டினதும் நீதான்," என்றார்.

"எரிய வச்சது நீதானே. பந்தயத்துல ஜெயிச்சவன் இதையெல்லாம் எதுக்குக் கேட்கிற?" ஊறுகாயைக் கிண்ணத்தில் போட்டாள். "போ. உன் கதைக்குக் காத்துட்டிருக்காங்க. தட்டு ஒண்ணுதான், ஞாபகம் வச்சுக்கோ. போன வருஷம் ரெண்டுன்னு சொல்லிட்ட."

அவர் ஹாலுக்குப் போகவில்லை. நடையைத் தாண்டி, ஒரு நிமிஷம் தனியாக நிற்கலாம் என்று, தான் ஜெயித்த ரூமின் கதவைத் திறந்தார். அது காலியாக இல்லை. பனாயித் வீட்டு மடக்குக் கட்டில் விரித்துப் போட்டிருந்தது. அதன் மேல் அவருடைய தலையணை, அவருடைய கம்பளி, மடித்துவைத்த அவருடைய பைஜாமா. ஜன்னலோரத்தில் அவருடைய ரேடியோ. சுவரில் ஆணி அடித்து அவருடைய குளிர்காலக் கோட்டுகள் மாட்டியிருந்தன. படுக்கை அறையில் அவர் என்று சொல்லத்தக்க எதுவும் இனி மிச்சமில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, தையல் மெஷினைத் தரையில் இழுத்து நகர்த்தும் சத்தமும், உதவி செய்கிற பனாயித் மனைவியின் சிரிப்பும் கேட்டன.

ஸ்பிரிதோன் கட்டிலில் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் இருந்த காலிங் பெல் ஒருமுறை ஒலித்தது. தலைமாட்டு இரும்புக் கம்பியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். பந்தயம் கட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"ஸ்பிரிதோன். நவம்பர், 2019."